ஐயாவின் ஸ்பிட்ஃபயர்: கழற்றுவதா, அறுப்பதா, அப்படியே விடுவதா?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி, பின்வாசலை ஒட்டி ஒரு கார் செட்டு. அதில் நிற்பது 1968ஆம் வருடத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, மலேயாவில் கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோது பினாங்கிலிருந்து கப்பலில் ஏற்றி வந்தது. மற்றவர்கள் பீரோவும் பீங்கானும் கொண்டுவந்தார்கள், இவர் இரண்டு பேர் மட்டும் உட்காரும் காரைக் கொண்டுவந்தார் என்று அப்பத்தா கடைசிவரை சொல்லிக் காட்டினார்கள்.

இரண்டாம் உலகப் போர் விமானத்தின் பெயரை வைத்த கார் இது. உருவம் வரைந்தவர் இத்தாலியின் ஜொவானி மிக்கெலோட்டி. எஞ்சின் 1296 சி.சி., புதிதில் 75 குதிரைத்திறன். அடியில் இருப்பது ட்ரையம்ஃபின் இன்னொரு காரான ஹெரால்டின் வழி வந்த சேசிஸ். அதே ஹெரால்டைத்தான் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்ற பெயரில் செய்து விற்றார்கள். அதனால் முன் சஸ்பென்ஷன் சாமான்கள் சிலவற்றைப் பழைய ஹெரால்டு வைத்திருந்தவர்களிடம் கேட்டு வாங்க முடிகிறது. இந்த ஒரு வசதி இல்லாவிட்டால் கார் எப்போதோ கோழி அடையும் இடமாகியிருக்கும்.

போன தை மாதம் இதை மறுபடி ஓடவைப்பது என்று முடிவானது. எப்படி என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னது ஒரே வரி: "ஐயா வச்சிருந்த மாதிரியே இருக்கட்டும்." கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா மகன், ரேஸ் டிராக் பக்கம் போய்வருகிற பையன், "அண்ணே, பாதியைக் கழட்டிப் போட்டாப் பறக்கும்ணே" என்றான். அவனுடைய நண்பன் ஒருவன் ஒரு படி மேலே போய், பானெட்டை ஃபைபரில் ஊற்றி, தரைத் தகட்டை அறுத்து அலுமினியம் அடிக்கலாம் என்றான். செய்யப்போவது நான். வார இறுதியில் இரண்டு நாள், ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஜாக்கி, நாலு ஸ்டாண்டு.

மூன்றையும் எடைபோட்டுப் பார்த்த கதை இது. எடை என்று சொல்வது வெறும் பேச்சுக்கு இல்லை.

கணக்கு முதலில்

காரை ஊருக்கு வெளியே நெல் லாரி ஏறும் எடை மேடையில் ஏற்றினேன். பாதி டேங்க் பெட்ரோலுடன் 760 கிலோ. அந்த மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும், அதனால் ஐந்து கிலோ அப்படி இப்படி இருக்கலாம். உட்காரும் நான் 80. (அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் வேகும் வாசனை கார் செட்டு வரை வரும் வீட்டில் இந்த எண்ணைக் குறைப்பது பற்றிப் பேச வேண்டாம்.)

ஆக, எஞ்சின் இழுக்க வேண்டியது 840 கிலோ. இதில் 50 கிலோவைக் குறைத்தால் 790. 75 குதிரையை 840ஆல் வகுத்துப் பாருங்கள், 790ஆலும் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் ஆறு சதவீதத்துக்கு மேல். அதே சுறுசுறுப்பை எடை குறைக்காமல் எஞ்சினில் கொண்டுவர வேண்டுமானால் சுமார் 5 குதிரைத்திறன் கூட்ட வேண்டும். ஐம்பது வருடத்து எஞ்சினில் ஐந்து குதிரை கூட்டுவது என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், லேத் பட்டறைக்கு அலைய வேண்டும், கேம் மாற்ற வேண்டும். எடை குறைப்பதற்கு ஸ்பேனர் போதும். போதாததற்கு, குறைந்த எடை பிரேக்குக்கும் டயருக்கும் திருப்பத்துக்கும் சேர்த்தே உதவும். எஞ்சின் வேலை முடுக்கத்துக்கு மட்டும்தான். இதுவரை தம்பி சொன்னது சரி.

ஆனால் காரைத் தள்ளிப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. நியூட்ரலில், சமமான சிமென்ட் தரையில், நானும் ஆளும் சேர்ந்து தள்ளினால்தான் நகர்ந்தது. மூட்டை நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்று வீட்டில் இருந்தது. அதைக் கயிற்றில் மாட்டி, கார் மெதுவாக உருண்டுகொண்டிருக்கும்போது எவ்வளவு இழுப்பு என்று பார்த்தேன். 29 கிலோ.

இந்த எடைக்கு, காற்று சரியாக அடித்த டயரில், பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வரக்கூடாது. மீதி எங்கே போகிறது?

பின் டிரம்மைக் கழற்றியதும் தெரிந்தது. இந்தக் காரில் பின் சக்கரத்துக்கு ஒரு வீல் சிலிண்டர்தான், அது பேக் பிளேட்டில் உள்ள நீளத்துளையில் முன்னும் பின்னும் நகர்ந்தால்தான் இரண்டு ஷூவும் சமமாகப் பிடித்து விடும். இரண்டு பக்கமும் சிலிண்டர் துருப்பிடித்து பிளேட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஷூ பிடித்த பிடியை விடவே இல்லை. ஹேண்ட் பிரேக் கேபிளும் உள்ளே இறுகிப்போயிருந்தது. இரண்டு சனிக்கிழமை வேலை: சிலிண்டர்களைக் கழற்றி, துளையின் ஓரங்களைத் தேய்த்து, புது ரப்பர், புது பிரேக் ஆயில், புது கேபிள். ஒரு எச்சரிக்கை: பழைய லைனரில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்து ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடைத்துத் துணியைப் பையில் கட்டிப் போடுங்கள்.

மறுபடி தராசு. 12 கிலோ. அப்பச்சி ஒற்றைக் கையால் காரை நகர்த்திப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அது அவருடைய பாராட்டு.

17 கிலோ இழுப்பு குறைந்ததை 60 கிலோமீட்டர் வேகத்தில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய மூணே முக்கால் குதிரைத்திறன். காரில் இருந்து ஒரு போல்ட்டைக்கூட வெளியே எடுக்காமல், ரப்பருக்கும் கேபிளுக்கும் கொடுத்த காசில் கிடைத்தது. 50 கிலோ குறைத்தால் முடுக்கும்போது கிடைப்பது ஐந்து குதிரை. இது ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் கிடைப்பது. தம்பிக்குப் போனில் சொன்னேன். "அதெல்லாம் சர்வீஸுண்ணே, லைட் வெயிட் இல்ல" என்றான். பெயரில் என்ன இருக்கிறது.

அப்படியே விடுவது

அப்பச்சியின் வழிக்கு ஒரு சட்டப் பலமும் உண்டு. 2021 ஜூலையில் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி, 50 வயதைத் தாண்டிய, சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யாத வண்டியை வின்டேஜ் என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து வருடம் செல்லும், நம்பர் பிளேட்டில் வி.ஏ. என்ற எழுத்து வரும். பதிலுக்கு அன்றாட ஓட்டம் கிடையாது. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, அவ்வளவுதான். பதிவு செய்கிறோமோ இல்லையோ, அந்தக் கதவைச் சாத்திவிடக் கூடாது என்பது என் எண்ணம். வின்டேஜ் வேண்டாம் என்பவருக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்.சி. புக்கில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது அது.

'அப்படியே விடுவது' என்றால் சும்மா விடுவது இல்லை. இந்தக் காரைப் பொறுத்தவரை மூன்று இடங்களை விட்டால் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

முதலாவது, முன் சக்கரத்தில் கீழே இருக்கும் ட்ரனியன். வெண்கலக் கட்டை ஒன்றில் இரும்புத் தண்டு மரையோடு இறங்கி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழலும். அதற்குள் போக வேண்டியது கிரீஸ் இல்லை, ஈ.பி. 90 கியர் ஆயில். நிப்பிளைப் பார்த்தவுடன் கிரீஸ் கன்னை வைப்பது நம் ஊர் சர்வீஸ் வழக்கம். எங்கள் காருக்கும் எங்கோ ஒரு காலத்தில் அப்படித்தான் அடித்திருக்கிறார்கள். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே இறுகிவிடும், அடியில் தண்ணீர் தேங்கித் தண்டை அரிக்கும். ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறியும், சக்கரம் மடங்கும். கழற்றிப் பார்த்தபோது இடது பக்கத் தண்டில் மரைக்கு மேலே நகத்தால் நெருடினால் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம். அதை வாசலில் போட்டேன், யாரும் எடுத்து மறுபடி மாட்டிவிடக் கூடாது என்று சுத்தியலால் இரண்டு போடும் போட்டேன். ஹெரால்டு வைத்திருந்த ஒருவரின் உதவியால் புதுசு வந்தது. இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில், தேதியைச் செட்டுச் சுவரில் கரியால் எழுதிவைக்கிறேன்.

இரண்டாவது, எஞ்சினின் கிராங்க் தண்டு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர். இந்த எஞ்சின் குடும்பத்தின் பலவீனம் அது. ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கத்து புல்லியைப் பார்க்க வேண்டும். புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது. அனுமதி 0.2 மில்லிமீட்டர் வரைதான். அதைத் தாண்டி ஓட்டினால் வாஷர் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்குள் விழும், பிறகு பிளாக்கே போகும். சம்ப்பைக் கழற்றிக் கீழிருந்தே மாற்றிவிடலாம், எஞ்சினை இறக்க வேண்டாம்.

மூன்றாவது, பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. 1968இன் ரப்பர் ஹோஸுக்கும் பம்ப் டயஃப்ரத்துக்கும் அது ஆகாது. எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றினேன். எத்தனால் கூடினால் கலவை மெலியும். எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட்டுக்குக் கீழே உள்ள அறுகோண நட்டை ஒவ்வொரு முகமாக இறக்கிக்கொண்டே வந்து சரிசெய்யலாம், ஒரு கார்புரேட்டரில் செய்ததை மற்றதிலும் அப்படியே செய்ய வேண்டும். ஒரு ஞாயிறு முழுக்க இதில் போனது. எங்கள் வீட்டில் அன்று யாரும் யாரோடும் பேச முடியவில்லை, அவ்வளவு சத்தம்.

கழற்றுவது

தம்பி பட்டியல் அனுப்பினான். ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், ஹீட்டர், முன் பின் பம்பர், இடது சீட், ஹூட்டும் அதன் கம்பிச் சட்டமும், கார்ப்பெட். ஒவ்வொன்றாகக் கொக்கித் தராசில் மாட்டினேன். ஸ்டெப்னி 13, ஜாக்கி டூல்ஸ் 6, ஹீட்டர் அதன் ஹோஸும் உள்ளே நின்ற தண்ணீருமாக 7, பம்பர்கள் 9, சீட் 11, ஹூட் 12, கார்ப்பெட்டும் அடிவிரிப்பும் 8. மொத்தம் 66 கிலோ.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் இந்தக் காரில் எடை எங்கிருந்து போகிறது என்பது எவ்வளவு போகிறது என்பதைவிட முக்கியம். பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் வகை. நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலை ஒட்டி மட்டும்தான் மடக்கு, அங்கிருந்து சக்கரம் வரை ஒரே கை. குறுக்கே ஒரு பட்டை ஸ்ப்ரிங் இரண்டு சக்கரத்தையும் தாங்கும். பின்பக்கம் எடை குறைந்தால் கார் பின்னால் உயரும். உயர்ந்தால் சக்கரங்கள் புனல் மாதிரி மேலே விரிந்து கீழே ஒடுங்கும். வேகமாகத் திரும்பும்போது நடுவில் ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ பின்பக்கம் இன்னும் எழும்பும், சக்கரம் அடியில் மடங்கும், கார் சுற்றிவிடும். ஆரம்ப கால ஸ்விங் ஆக்சில் கார்கள் பலவற்றுக்கும் இருந்த குணம்தான் இது. ஸ்பிட்ஃபயரிலேயே மார்க் 4இல் ஸ்ப்ரிங்கின் அமைப்பை மாற்றினார்கள்.

ஸ்டெப்னி இருப்பது டிக்கியில். அதைக் கழற்றினால் 13 கிலோ பின்னாலிருந்து போகும். தம்பி கண்ணுக்கு அது இலாபம், என் கண்ணுக்கு அது ஆபத்து. தவிர, ராத்திரி ஒன்பது மணிக்குத் திருமயம் ரோட்டில் பஞ்சர் ஆனால் பெருமாளும் சிவனும் ஒரே மலையில் இருந்தும் ஸ்டெப்னி தரமாட்டார்கள். ஸ்டெப்னி இருக்கட்டும்.

பம்பரைக் கழற்றினால் முன் பானெட் நேராக அடி வாங்கும். இந்தக் காரில் மட்கார்டும் பானெட்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னால் கவிழும். ஒரு ஆட்டோ லேசாக இடித்தாலும் மொத்தத் துண்டும் கோணும். ஹூட் இல்லாமல் ஐப்பசி மழைக்கு எங்கே போவது? சீட்டைக் கழற்றினால் அப்பச்சி எங்கே உட்காருவார்? பட்டியல் சுருங்கிக்கொண்டே வந்தது.

கழற்ற மிஞ்சியது ஹீட்டர். செட்டிநாட்டில் காருக்கு ஹீட்டர்! அதுவும் முன்பக்கத்துத் தடுப்புச் சுவரில் இருக்கிறது, எடை போக வேண்டிய பக்கம். சந்தோஷமாக ஸ்பேனரை எடுத்தபோது அப்பச்சி வந்து நின்றார். "சித்திரை வெயில்ல திருச்சி பாலக்கரையில வண்டி சூடேறி நின்னப்ப ஐயா அதப் போட்டுத்தான் வீடு வந்து சேந்தாக" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சின் கொதிக்கும்போது அதைத் திறந்தால் சூடு கொஞ்சம் காருக்குள் இறங்கும். எஞ்சின் பிழைக்கும், ஓட்டுகிறவர் வேகுவார். ரேடியேட்டரை அடைப்பெடுத்து, தெர்மோஸ்டாட் மாற்றி, நடுவெயிலில் காரைக்குடி வரை போய் வந்து முள் ஏறவில்லை என்று காட்டிய பிறகுதான் ஹீட்டரைக் கழற்ற அனுமதி கிடைத்தது. எஸ்.டி.டி. பூத் காலத்து மரப்பெட்டி ஒன்றில் எல்லா நட்டோடும் கட்டி, மச்சில் வைத்திருக்கிறேன்.

டைனமோவை இறக்கி மாருதி 800இன் ஆல்டர்னேட்டர் போட்டதில் 4 கிலோ. விளக்கும் பிரகாசமாயிற்று. லித்தியம் பேட்டரி போட்டால் இன்னும் 9 கிலோ குறையும் என்று தம்பி கெஞ்சினான். எஞ்சினுக்குப் பக்கத்தில், இந்த ஊர் வெயிலில், அதற்கு மனசு வரவில்லை. கம்பிச் சக்கரம் பற்றி ஒரு வார்த்தை: பார்க்க அழகு, ஆனால் சாதா இரும்புச் சக்கரத்தைவிடக் கனம். லேசாக்குகிறேன் என்று அதைப் போடாதீர்கள். டயருக்கு அலைய வேண்டாம், பழைய வேகன்-ஆருக்கு வந்த 145/80 ஆர் 13 அப்படியே பொருந்தும். அகல டயர் ஆசை வேண்டவே வேண்டாம், ஸ்டியரிங் கல்லாகும்.

அறுப்பது

இதை நான் ஒரு நிமிடத்தில் தள்ளிவிட்டேன் என்று சொன்னால் பொய். ஃபைபர் பானெட் யோசனை எனக்கே ஒரு வாரம் பிடித்திருந்தது. விளக்குகளோடு சேர்த்து இரும்பு பானெட் நாற்பது கிலோவைத் தாண்டுகிறது, தூக்க இரண்டு பேர் வேண்டும். தொண்டிப் பக்கம் ஃபைபர் படகு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம் பானெட்டிலேயே அச்செடுத்து ஊற்றிவிடலாம் என்றான் அந்த நண்பன்.

கணக்கு காப்பாற்றியது. பானெட் தகடு 0.9 மில்லிமீட்டர் கனம் என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 7 கிலோ சொச்சம். ஃபைபரின் அடர்த்தி இரும்பில் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் படகு ஊற்றும் கை ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்து ஊற்றாது. அலையில் உடையும் என்ற பயம் அந்தக் கைக்குப் பழகிப்போனது. ஐந்து மில்லிமீட்டரில் ஃபைபரும் சதுர மீட்டருக்கு 7 கிலோ தாண்டிவிடும். மூன்று மில்லிமீட்டரில் ஒழுங்காக, உள்ளே விலா வைத்துச் செய்தால் மூன்றில் ஒரு பங்குக்கு அருகே குறையும். அப்படிச் செய்யத் தெரிந்தவர் செலவும் அந்த ரகம்தான். அதற்குப் பிறகு வின்டேஜ் பதிவை மறந்துவிட வேண்டியதுதான்.

தரைக்கு அலுமினியம் என்ற யோசனைக்கு எங்கள் தெருவிலேயே பதில் இருந்தது. காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வகம்) அரிமான ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் ஒருவர், மாலையில் நடக்கப் போகும்போது செட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். (அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நட்டு, 1953இல் திறந்த நிறுவனம். துருப்பற்றிக் கேட்க நாங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை.) இரும்புச் சேசிஸின் மேல் அலுமினியத் தகட்டை ரிவிட் அடிக்கப்போகிறார்கள் என்றதும் சிரித்தார். "இரண்டு உலோகம் தொட்டுக்கிட்டு, நடுவுல உப்புத் தண்ணி. தம்பி, அது தரை இல்ல, பேட்டரி." அலுமினியம் ரிவிட்டைச் சுற்றிப் பொடிப்பொடியாக உதிரும். கடற்கரைப் பக்கம் ஒருமுறை போய்வந்தால் வேலை தொடங்கிவிடும்.

இன்னொன்று. ஹெரால்டுக்கு இருக்கும் பக்கச் சட்டங்கள் ஸ்பிட்ஃபயர் சேசிஸில் இல்லை. நடு முதுகெலும்பு மட்டும்தான். கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதிதான் காரின் இடுப்பு. அங்கே துருவை அறுக்கும்போது காருக்கு முட்டுக் கொடுத்து, கதவு நிலையில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டு செய்யாவிட்டால் கார் நடுவில் தொய்யும், பிறகு கதவு மூடவே மூடாது. வலது பக்கம் ஒரு முழ நீளத்துக்கு இந்த வேலை தேவைப்பட்டது. அதை வீட்டில் செய்யவில்லை. அனுபவமுள்ள டிங்கர் ஒருவரிடம் மூன்று வாரம் விட்டேன், கதவு இடைவெளியை அவருக்கு முன்னாலேயே அளந்து எழுதிக்கொண்டு.

நாலாவது வழி

கார்ப்பெட்டைத் தூக்கியபோதுதான் யாரும் சொல்லாத நாலாவது வழி கண்ணில் பட்டது. அடிவிரிப்பு தண்ணீர் குடித்துப் பிழிந்த துணியாகக் கிடந்தது. அதற்குக் கீழே பழைய தகட்டின் மேல் இன்னொரு தகடு, அதற்கும் மேல் கையளவு கனத்துக்குத் தார். யாரோ ஒருவர் துருவை அறுக்காமல் மூடியிருக்கிறார், அடுத்தவர் அதன் மேல் பூசியிருக்கிறார். பின் மட்கார்டில் விரலால் தட்டினால் மண்பானைச் சத்தம். உள்ளே பட்டி. டிக்கியின் மேல் சாமான் கட்ட ஆங்கிளில் செய்த ஒரு கேரியர். முன்னால் மாடு முட்டாமல் இருக்க ஒரு இரும்புக் கார்டு. பின் ஸ்ப்ரிங்கில், கிராமத்து ரோட்டுக்கு என்று கூடுதலாக ஒரு பட்டை.

கம்பெனி வைத்ததில் எதை எடுக்கலாம் என்று நாங்கள் மூன்று மாதம் சண்டை போட்டோம். இந்த ஐம்பது வருடத்தில் நாமே ஏற்றியதை யாரும் எண்ணவில்லை.

தாரைச் சுரண்டுவதற்கு மட்டும் நான்கு ஞாயிறு. ஹாட் ஏர் கன், பட்டிக் கத்தி, மண்ணெண்ணெயில் நனைத்த துணி. துணி செட்டுக்கு வெளியே, கன் உள்ளே. இரண்டையும் ஒரே நேரத்தில் கையில் எடுக்கக் கூடாது. சுரண்டிய தாரைக் கோணிப்பையில் போட்டு நிறுத்தேன், 6 கிலோ. மேல்தகடு 5. அடிவிரிப்பை எறிந்துவிட்டு மெல்லிய ரப்பர் விரிப்பு போட்டதில் 6 மிச்சம். எல்லாவற்றையும் உரித்துவிடவும் கூடாது. கியர் பாக்ஸ் மூடியின் பக்கம் சூடு தடுக்கும் விரிப்பு இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன், குன்றக்குடி போவதற்குள் இடது கால் அப்பளமாகிவிட்டது. பட்டி 2 கிலோ, கேரியர் 8, முன் கார்டு 9. ஸ்ப்ரிங் பட்டை 3.

பட்டையை நான் எடுக்கவில்லை. இழுத்துக் கட்டிய குறுக்கு ஸ்ப்ரிங் எகிறினால் எலும்பு மிஞ்சாது. மதுரையில் லீஃப் பட்டறையில் கொடுத்து எடுத்தேன். அந்த ஒரு பட்டை போனதும் பின்பக்கம் இரண்டு விரற்கடை இறங்கியது. செட்டு வாசலில் நின்று பின்னாலிருந்து பார்த்தால் புனல் மாதிரி இருந்த சக்கரங்கள் நேராக நின்றன. நான் பயந்த ஸ்விங் ஆக்சில் குணத்தில் பாதி, நாமே கூட்டிய பட்டையால் வந்தது. கேரியரின் எட்டு கிலோ பின்னாலிருந்து போனதையும் இந்த இறக்கம் ஈடுகட்டியது.

கூட்டிப் பாருங்கள். நாமே ஏற்றியது 39 கிலோ, ஹீட்டர் 7, டைனமோ மாற்றியதில் 4. ஐம்பது. தம்பியின் 66 கிலோப் பட்டியலில் இருந்து ஒரு பம்பரோ சீட்டோ தொடாமல். பதிலுக்கு 2 கிலோ ஏற்றினேன், சீட்டுக்குப் பின்னால் ஒரு தீயணைப்பான். இரண்டு கார்புரேட்டரும் எத்தனாலும் இருக்கும் இடத்தில் அது எடை இல்லை.

உங்களிடமும் இந்த மாதிரி ஒரு பழசு நின்றால் என் வரிசை இது: முதலில் கொக்கித் தராசில் இழுத்துப் பாருங்கள், பிறகு பிரேக், பேரிங், டயர்க் காற்று. அடுத்து பிறர் ஏற்றியதை இறக்குங்கள். அதற்கும் பிறகு ஆசை மிஞ்சினால் ஸ்பேனரில் கழன்று ஸ்பேனரில் திரும்பப் பூட்டக்கூடியதை மட்டும், முன்பக்கமிருந்து. ரேஸ் டிராக்குக்கு மட்டும் என்று தனியாக ஒரு கார் இருந்தால், வின்டேஜ் கவலையும் குடும்பத்தின் கண்ணும் அதன் மேல் இல்லாவிட்டால், தம்பி வழியும் சரிதான். அப்போதும் ஸ்விங் ஆக்சிலுக்குப் பின் ஸ்ப்ரிங்கை முதலில் பாருங்கள், ஃபைபரைக் கடைசியில்.

எந்த வேலை வீட்டில், எது வெளியே என்று கேட்பவர்களுக்கு: ஆயில், பிரேக், கார்புரேட்டர், ட்ரனியன், சுரண்டல், எல்லாம் வீட்டிலேயே ஆகும். கியர் பாக்ஸ்கூட இந்தக் காரில் உள்பக்கமாகவே, மூடியைக் கழற்றி சீட் பக்கமாக வெளியே எடுக்கலாம். வெல்டிங், ஸ்ப்ரிங், டிரம் கடைதல் மூன்றும் வெளியே. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வைத்து, கழற்றிய சக்கரத்தையும் சில்லுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

ஆடி முடியும் வாரம் மறுபடி எடை மேடைக்குப் போனோம். அப்பச்சி இடது சீட்டில். எடைக்காரர் இருவரையும் இறங்கச் சொல்லி, திரையைப் பார்த்து 710 என்று எழுதி, ரசீதில் வாகன வகை என்ற இடத்தில் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு 'மினி டெம்போ' என்று போட்டார். தம்பிக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். ஹீட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள், வித்துடாதீங்கண்ணே என்று பதில் வந்தது.